பனியா, பணியா: பார்வை குறைந்தவர் எழுத்தைத் தொழிலாகச் செய்ய ஒரு கையேடு

திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடர் வைத்துத் தமிழில் எழுதுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இது: 'பனி'யையும் 'பணி'யையும் அந்தக் குரல் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் படிக்கும். 'மனம்', 'மணம்' அப்படித்தான். 'அரம்', 'அறம்' அப்படித்தான். நீங்கள் அனுப்பிய கதையில் "அவள் பனிக்குக் கிளம்பினாள்" என்று இருந்தால் ஆசிரியர் உங்கள் கண்ணைப் பற்றி யோசிக்க மாட்டார். தமிழ் தெரியாதவர் எழுதியது என்று நினைத்துக்கொண்டு அடுத்த கதையை எடுத்துவிடுவார். மென்பொருளை எப்படி நிறுவுவது என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவருக்கு அதற்கு அப்புறம்தான் வேலையே தொடங்குகிறது. அந்த மிச்சப் பாதியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஆர்பி, அதாவது ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா. முதலில் இருட்டில் பார்வை போகும், அப்புறம் ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வரும். எனக்கு இப்போது நடுவில் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. கதை எழுதுகிறேன், ஒலிநாடகத்துக்குப் பிரதி எழுதுகிறேன், மற்றவர்கள் எழுதியதைச் செம்மை செய்து கொடுக்கிறேன். முக்கால்வாசி வேலை காதில் நடக்கிறது. மிச்சம் விரலுக்கும் கண்ணுக்கும்.

குரல்கள்

விண்டோஸ் என்றால் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் போதும். மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006-இல் தொடங்கியது, இன்றுவரை இலவசம். வேலை கொடுக்கும் இடமே ஜாஸ் என்ற ஸ்கிரீன் ரீடரை வாங்கித் தருகிறது என்றால் வாங்கிக்கொள்ளுங்கள், நல்ல கருவிதான். மேக்கில் வாய்ஸ்ஓவர் 2005 முதல் கூடவே வருகிறது. எது சிறந்தது என்ற சண்டையில் நேரத்தை விடாதீர்கள். ஒன்றை எடுத்து, அதன் கையேட்டை முழுக்கப் படியுங்கள். கையேடு படிக்காமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் நம்மில் அதிகம். கீழே நான் சொல்வதெல்லாம் என்விடிஏ-வை வைத்துத்தான்.

குரல் ஒன்று போதாது, இரண்டு வேண்டும். கோப்புகளுக்குள் அலையவும், மெனு தேடவும், அஞ்சல் பார்க்கவும் ஈஸ்பீக் மாதிரி இயந்திரக் குரல். கேட்க இனிமையாக இருக்காது, ஆனால் வேகத்தை எவ்வளவு ஏற்றினாலும் சொற்கள் ஒன்றோடொன்று கலக்காது. எழுதியதைத் தொடர்ச்சியாக வாசித்துக் கேட்க இயற்கையான குரல் ஒன்றை நிதான வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கையால் மாற்ற வேண்டியதில்லை. என்விடிஏ-வில் அமைப்புகளைத் தனித்தனி 'புரொஃபைல்'களாகச் சேமிக்கலாம். அதில் ஒன்றைத் 'தொடர்ந்து படி' கட்டளையோடு இணைத்துவிட்டால், இன்சர்ட்டும் கீழ் அம்பும் அழுத்தியதும் அந்தக் குரல் தானாக வரும், நிறுத்தியதும் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. இயற்கையான குரல் பொய் சொல்லும். தட்டையான வாக்கியத்துக்கும் ஏற்ற இறக்கம் சேர்த்து அழகாகப் படித்துக் கொடுத்துவிடும். வாக்கியம் உண்மையிலேயே நிற்கிறதா என்று பார்க்க, அதே பத்தியை ஈஸ்பீக்கில் ஒரு முறை கேளுங்கள். அங்கேயும் நன்றாக இருந்தால் அது உங்கள் வாக்கியம்.

முதல் வரைவு எழுதும்போது எழுத்தையும் சொல்லையும் திருப்பிச் சொல்லும் வசதிகளை அணைத்துவிடுவேன். இன்சர்ட்டோடு 2, இன்சர்ட்டோடு 3. அடிக்கிற ஒவ்வொரு சொல்லையும் ஒரு இயந்திரம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தால் அடுத்த சொல் எனக்கு வராது. திருத்தும்போது திரும்பப் போட்டுக்கொள்வேன். கம்பி இல்லாத ஹெட்போன்களில் பல, ஒவ்வொரு சின்ன அமைதிக்கும் பிறகு முதல் அசையை விழுங்கும். மின்னஞ்சல் கேட்க அது பரவாயில்லை, மெய்ப்புத் திருத்தத்துக்கு ஆகாது. கம்பி வைத்ததையே வாங்குங்கள்.

எழுத்தை எழுத்தாகப் பிடிப்பது

சரி, பனியா பணியா.

என்விடிஏ-வில் உச்சரிப்பு அகராதி மூன்று வகை உண்டு. எல்லாக் குரலுக்கும் பொதுவானது ஒன்று, அப்போது ஓடும் குரலுக்கு மட்டுமானது ஒன்று, மென்பொருளை மூடும்வரை மட்டும் நிற்கும் தற்காலிகமானது ஒன்று. நான் பிடித்துக்கொண்டது நடுவில் உள்ளதை. வேறு எதற்கும் பயன்படுத்தாத ஒரு தமிழ்க் குரலை மெய்ப்புக்கென்று ஒதுக்கி, அந்தக் குரலின் அகராதியில் குழப்பும் சொற்களுக்கெல்லாம் வால் ஒட்டி வைத்திருக்கிறேன். 'பனி' வந்தால் 'பனிகுளிர்' என்று படி, 'பணி' வந்தால் 'பணிவேலை' என்று படி. 'மணம்' என்றால் 'மணம்வாசம்', 'மனம்' என்றால் 'மனம்உள்ளம்'. இப்போது அந்தக் குரலில் கேட்டால், "அவள் பனிகுளிர்க்குக் கிளம்பினாள்" என்று வந்து விழும். தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும் பிடித்துவிடலாம். கோப்பில் ஒரு எழுத்தும் மாறுவதில்லை, மாறுவது காதில் விழுவது மட்டும்.

உருபு சேர்ந்தால் தமிழில் சொல்லின் உடல் மாறும் என்பதை மறந்துவிடக்கூடாது. 'மனம்' என்று மட்டும் போட்டு வைத்தால் 'மனத்தில்' தப்பித்துப் போய்விடும். 'மனத்', 'மணத்' இரண்டையும் தனியாகச் சேர்க்க வேண்டும். பதிவு செய்யும்போது 'சொல்லின் எந்தப் பகுதியிலும்' பொருந்தும்படி விடுங்கள், முழுச் சொல் என்று கட்டுப்படுத்தினால் 'பணிக்கு', 'பணியில்' எல்லாம் வெளியே நிற்கும். பட்டியலைத் தொடங்கச் சில: கரி கறி, எரி எறி, பொரி பொறி, தோல் தோள், கலை களை கழை, விலை விளை விழை, வாலை வாளை வாழை, உலவு உளவு உழவு. இதற்கு மேல் உங்களுக்கே தெரியும். ஆளுக்கு ஆள் தடுமாறும் எழுத்து வேறு. எனக்கு ர, ற. என் பட்டியலில் பாதிக்கு மேல் அதுதான்.

ஒரே ஒரு எழுத்தில் சந்தேகம் வந்தால் குறுக்கு வழி உண்டு. கர்சரை அங்கே நிறுத்தி, எண் விசைப்பலகையின் 2-ஐ மூன்று முறை சடசடவென்று தட்டுங்கள். மடிக்கணினியில் என்விடிஏ விசையோடு (இன்சர்ட்தான் அது) முற்றுப்புள்ளி. அந்த எழுத்தின் யூனிகோட் எண்ணைச் சொல்லும். தந்நகர ந 2984, ரெண்டுசுழி ன 2985, மூணுசுழி ண 2979. ர 2992, ற 2993. ல, ள, ழ மூன்றும் 2994, 2995, 2996 என்று வரிசையாக வரும். 'ணி' மாதிரி உயிர்மெய்யாக இருந்தால் 2979-ஐச் சொல்லி, கூடவே இகரக் குறியின் 3007-ஐயும் சொல்லும். இந்த எட்டு எழுத்துகளின் எண்களைத் தவிர வேறெதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இதில் நமக்குச் சாதகமான இடமும் இருக்கிறது. 'ஔவை'யை 'ஒ' போட்டுப் பக்கத்தில் 'ள' போட்டு 'ஒளவை' என்று அடிக்கிறவர்கள் ஏராளம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலவே இருக்கும். பார்வையுள்ள மெய்ப்பாளர் தாண்டிப் போய்விடுவார். நம் குரல் 'ஒளவை' என்று ளகரத்தோடு படித்துக் காட்டிக் கொடுத்துவிடும். 'கௌ' என்பதை 'கெ', 'ள' என்று அடித்த இடமும் அப்படித்தான். துணைக்காலுக்குப் பதில் ரகரம் போட்டவர்களையும் இப்படியே பிடிக்கலாம். மற்றவர் பிரதியைச் செம்மை செய்யும்போது இந்தப் பிழைகளைத் தேடிப் பட்டியலிட்டு அனுப்புவேன். அதற்கப்புறம் என் மெய்ப்பைப் பற்றி யாரும் சந்தேகம் கேட்டதில்லை.

ஒற்று வேறு கதை. "எழுதி கொடுத்தான்", "எழுதிக் கொடுத்தான்" இரண்டும் வேகத்தில் ஒன்றாகத்தான் விழும். இதற்கு விரல்தான். திரையில் உள்ளதை விரலுக்கடியில் புள்ளிகளாக எழுப்பிக் காட்டும் பிரெயில் டிஸ்ப்ளே இருந்தால் ஒற்று தனிக் கட்டமாகத் தட்டுப்படும். 14, 20, 40 கட்டங்கள் என்று பல அளவில் வருகிறது. ன, ண, ந மூன்றுக்கும் பிரெயிலில் வேறு வேறு புள்ளிகள், அதனால் பனி பணிக் குழப்பமே அங்கே கிடையாது. அந்தகக்கவி வீரராகவ முதலியார் முதுகில் எழுதிக் காட்டச் சொல்லி எழுத்துக் கற்றார் என்பார்கள். எழுத்து தோலுக்குத் தெரிந்தால் அது தனி பலம்தான். நான் வளர்ந்த பிறகு பிரெயில் கற்றவள், வேகம் கிடையாது. நாவலை எல்லாம் விரலால் படிக்க மாட்டேன். தலைப்பு, முதல் பத்தி, ஆட்பெயர், ஊர்ப்பெயர், கடைசி வரி, இவ்வளவுதான் விரலுக்கு. டிஸ்ப்ளே இல்லாதவர்கள் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, நிறுத்தற்குறிகளை எல்லாம் சொல்லும் நிலைக்கு மாற்றி, சொல் சொல்லாகக் கண்ட்ரோலும் வலது அம்பும் அழுத்திப் போங்கள். இரட்டை இடைவெளி, பாதியில் விட்ட மேற்கோள்குறி எல்லாம் அந்தச் சுற்றில்தான் மாட்டும். அலுப்பான வேலை. இதைத் தவிர்க்க எனக்கு வழி தெரியவில்லை.

கை

குரல் தட்டச்சு வந்த பிறகு எதற்கு விசைப்பலகை என்று கேட்பவர்கள் உண்டு. குறிப்பு எடுக்க அது அருமை. நடந்துகொண்டே யோசித்ததை எல்லாம் போனில் சொல்லி வைப்பேன். ஆனால் அது வாக்கியத்தை எங்கே முடிப்பது என்று அறியாது, பனி பணி விஷயத்தில் தனக்குத் தோன்றியதைப் போடும். சொல்லி எழுதிய பக்கத்தைத் திருத்தும் நேரத்தில் புதிதாகவே அடித்துவிடலாம்.

தமிழ்99 விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று யாரிடமும் கெஞ்சுவேன். உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். மூன்று நகரத்துக்கும் மூன்று தனி விசை இருப்பதால், 'பணி' என்று அடிக்கும்போது மூணுசுழிக்கு எந்த விரல் போனது என்று கைக்கே தெரியும். ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடிக்கும் முறையில் ஒரு சிக்கல், பட்டியலாக வரும் சொற்களிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், அந்தப் பட்டியலை ஸ்கிரீன் ரீடர் சில நேரம் படிக்கவே படிக்காது.

நீளமான பிரதிக்குள் தொலையாமல் இருக்க

பார்வையுள்ளவர் பக்கத்தைப் பார்த்ததும் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வார். நமக்கு ஒரு நேரத்தில் ஒரு வரிதான். அதனால் கட்டமைப்பை நாமே போட்டு வைக்க வேண்டும். வேர்டில் கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தி அத்தியாயத் தலைப்பு. காட்சிக்குக் காட்சி 2. அச்சில் அந்தக் காட்சித் தலைப்புகள் வேண்டாம், அனுப்பும் முன் நீக்கிவிடலாம். என்விடிஏ-வில் இன்சர்ட்டும் ஸ்பேஸும் அழுத்தி உலவும் நிலைக்குப் போனால், எச் விசை தலைப்புத் தலைப்பாகத் தாவும், ஏ திருத்தம், குறிப்புகளுக்குத் தாவும், டபிள்யூ எழுத்துப்பிழைக்குத் தாவும்.

திரும்பி வர வேண்டிய இடத்தில் 'ஃஃஃ' என்று போட்டுவிட்டு மேலே எழுதிக்கொண்டு போவேன். மூன்று ஆய்த எழுத்து சேர்ந்து எந்தத் தமிழ்ச் சொல்லிலும் வராது, தேடினால் நேராக அங்கே போய் நிற்கும். அனுப்புவதற்கு முன் ஒரு முறை தேடி, ஒன்றும் இல்லை என்று வந்தால் மட்டும் அனுப்புவேன்.

மிச்சமிருக்கும் கண்

குறைபார்வை என்றதும் எல்லாரும் பெரிதாக்கச் சொல்வார்கள். அது யாருக்குப் பொருந்தும் என்பது பார்வை எங்கே போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா சிதைந்தவருக்கு நடுப்பார்வை போயிருக்கும், அவருக்குப் பெரிய எழுத்து உதவும். என் மாதிரி ஓரம் சுருங்கியவருக்குப் பெரிய எழுத்து பகை. கிடைக்கிற சின்ன வட்டத்துக்குள் இரண்டு எழுத்துதான் நிற்கும், சொல் முழுதாகப் பிடிபடாது. எங்களுக்கு நடுத்தர அளவும், நல்ல கறுப்பு வெள்ளை வேறுபாடும் போதும். இணையப் பக்கங்களுக்கான அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாட்டைக் கேட்கின்றன, கறார் நிலையில் 7-க்கு 1. உங்கள் திரைக்கும் அதையே கணக்காக வைத்துக்கொள்ளலாம். விண்டோஸின் உருப்பெருக்கி ஓடும்போது கண்ட்ரோல், ஆல்ட், ஐ அழுத்தினால் நிறங்கள் தலைகீழாகும். கறுப்பில் வெள்ளை எழுத்து கண்ணைக் கூசாது. கர்சரைத் தடிமனாக்குங்கள், கணினித் திரைக்குப் பின்னால் ஜன்னல் வராதபடி மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

அமெரிக்க நகைச்சுவை எழுத்தாளர் ஜேம்ஸ் தர்பர் பார்வை குறையக் குறையப் பெரிய தாளில் தடித்த கிரேயானால் படம் வரைந்தார். அளவை மாற்றுவது கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் கண்ணால் படிக்க முடிகிற காலத்திலேயே காதைப் பழக்கிவிடுங்கள், இதைக் கொஞ்சம் கறாராகவே சொல்கிறேன். கண் ஓய்ந்த பிறகு, கையில் கெடு வைத்த வேலையையும் வைத்துக்கொண்டு ஸ்கிரீன் ரீடர் கற்பது பெரிய அவஸ்தை. இன்றைக்கு என் கண்ணுக்கு நான் கொடுக்கும் வேலை பக்க அமைப்பைப் பார்ப்பது, பத்தி இடைவெளியைப் பார்ப்பது. வாசிப்பதற்கு அதைச் செலவழிப்பதில்லை.

கோப்பு வாங்குவதும் கொடுப்பதும்

செம்மைக்கு வரும் தமிழ்ப் பிரதிகளில் பழைய எழுத்துரு இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது. பாமினி மாதிரி எழுத்துருவில் அடித்த கோப்பு திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான். ஸ்கிரீன் ரீடர் அதை அர்த்தமில்லாத ஆங்கிலமாக உளறும். கோப்பு கெட்டுப்போய்விட்டது என்று பதற வேண்டாம். எழுத்துருவின் பெயரைக் கேட்டு வாங்கி, அதற்கேற்ற யூனிகோட் மாற்றியில் போட்டால் சரியாகிவிடும். மாற்றிய பிறகு கொம்பும் துணைக்காலும் இடம் மாறியிருக்கிறதா என்று ஒரு பக்கமாவது எழுத்தெழுத்தாகப் பாருங்கள். மாற்றும் நேரத்துக்கும் கூலி உண்டு, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

படமாக ஸ்கேன் செய்த பிடிஎஃப் வந்தால் எழுத்துணரி வைத்து எடுக்கலாம், படிப்பதற்குப் போதும். அதையே திருத்திக் கொடு என்றால் மூலக் கோப்பைக் கேளுங்கள். கூகுள் டாக்ஸில் வேலை என்றால் கண்ட்ரோல், ஆல்ட், இசட் அழுத்தி ஸ்கிரீன் ரீடர் ஆதரவை இயக்கிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மௌனம்தான்.

எழுத நிறையப் படிக்க வேண்டும், அச்சுப் புத்தகம் நமக்கு மூடிய பெட்டி. 2013-இல் மராகேஷ் உடன்படிக்கை கையெழுத்தாகி, 2016-இல் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடுகளில், பதிப்புரிமையாளரிடம் அனுமதி கேட்காமலே புத்தகங்களை நாம் படிக்கும் வடிவுக்கு மாற்றலாம், அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் வழியாக எல்லை தாண்டியும் பகிரலாம். ஆய்வுக்குப் புத்தகம் தேவைப்பட்டால் உங்களுக்குப் பக்கத்தில் உள்ள அப்படிப்பட்ட நூலகத்தில் முதலில் உறுப்பினராகுங்கள்.

எப்போது சொல்வது

கதையோ கட்டுரையோ முதலில் அனுப்பும்போது பார்வையைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். அது பிரதியின் தரத்துக்குச் சம்பந்தமில்லாதது. ஏற்றுக்கொண்டோம் என்று பதில் வந்ததும், வேலை எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அஞ்சலில் சொல்வேன். அது இப்படி இருக்கும்:

"வணக்கம். மகிழ்ச்சி. ஒரு விவரம்: நான் ஸ்கிரீன் ரீடர் வைத்து வேலை செய்கிறேன். திருத்தங்களை வேர்டு கோப்பிலேயே டிராக் சேஞ்சஸ், கமெண்ட் வழியாக அனுப்புங்கள். மஞ்சள் பூசிக் காட்டினால் என் கவனத்துக்கு வராமல் போகலாம். அச்சுக்குப் போகும் பிடிஎஃபோடு அதன் யூனிகோட் எழுத்தையும் தனியாக அனுப்பினால் ஒரே நாளில் பார்த்துத் தந்துவிடுவேன்."

மன்னிப்பும் இல்லை, நோய் வரலாறும் இல்லை. என்ன வேண்டும், கொடுத்தால் அவர்களுக்கு என்ன லாபம், அவ்வளவுதான். இதற்குப் பதிலாக, "பரவாயில்லை மேடம், நாங்களே பார்த்துக்கிறோம், நீங்க சிரமப்படாதீங்க" என்று ஒரு பதில் வரும். அதை ஏற்காதீர்கள். உங்கள் பெயரில் வரும் எழுத்தின் கடைசி மெய்ப்பை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஒப்பந்தமும் அப்படியே. படமாக அனுப்பி "கீழே ஒரு கையெழுத்து" என்றால், எழுத்துக் கோப்பாக வரும்வரை கையெழுத்து இல்லை.

"உங்க அனுபவத்தை எழுதுங்களேன்" என்ற அழைப்பு வந்துகொண்டே இருக்கும். எழுத விருப்பம் இருந்தால் எழுதுங்கள், வழக்கமான கூலிக்கு. தொடர்ந்து அதை மட்டுமே கேட்கும் இடத்தில் நான் வேறு பொருள் ஒன்றை எழுதி அனுப்புவேன். வேண்டாம் என்றால் அந்த இடம் எனக்கு ஆகாது.

பிறர் கண்

இரட்டைப் புலவர்களில் ஒருவருக்குக் கண் இல்லை, மற்றவருக்குக் கால் இல்லை. ஒருவர் பாதி வெண்பா பாட, மற்றவர் முடித்துவைப்பாராம். அப்படி ஆள் அமைவது கொடுப்பினை. நமக்குக் கிடைப்பது மணிக்கணக்குக்குப் பேசி வரும் உதவியாளர். அதுவும் நல்லதுதான், வேலையைத் தெளிவாகப் பிரித்துச் சொன்னால். "ஒரு தடவை பார்த்துடு" என்று கொடுத்தால் அவர் கதையைத் திருத்த ஆரம்பித்துவிடுவார். "பக்க எண் எல்லாப் பக்கத்திலும் இருக்கிறதா, பத்தி இடைவெளி சமமா, படத்துக்கு அடியில் இருக்கும் பெயர் அந்தப் படத்துக்குரியதா" என்று கேள்வியாகக் கொடுங்கள். வீட்டு ஆளாக இருந்தாலும் தொழில் வேலைக்குக் காசு கொடுப்பது நல்லது. நாளைக்கு "சரியாப் பண்ணலையே" என்று கேட்கும் உரிமை வேண்டும்.

பீ மை ஐஸ், சீயிங் ஏஐ மாதிரிச் செயலிகள் சின்ன வேலைக்குக் கை கொடுக்கும். கடிதத்தில் என்ன அச்சாகியிருக்கிறது, பேனாவில் மை இருக்கிறதா. அவை படத்தை வருணிக்கும்போது இல்லாததையும் சேர்த்துச் சொல்வதுண்டு, அச்சுக்குப் போகும் விஷயத்தில் அதை மட்டும் நம்ப வேண்டாம். வெளிவராத பிறர் பிரதியை எந்தச் செயலியிலும் ஏற்றாதீர்கள். ரகசியம் காப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

பேட்டி, மேடை

பேட்டி எடுக்கும்போது போனில் பதிவு செய்தால் அதன் ஸ்கிரீன் ரீடர் குரலும் சேர்ந்து பதிவாகும். பதிவு ஓடத் தொடங்கியதும் குரலை அடக்கிவிடுங்கள், அல்லது தொட்டால் தெரியும் பொத்தான் உள்ள தனிப் பதிவுக் கருவி வைத்துக்கொள்ளுங்கள். இணையவழிப் பேச்சில் ஒரு காதில் மட்டும் ஸ்கிரீன் ரீடர்.

மேடையில் சொந்தக் கதையை வாசிக்கச் சொல்வார்கள். வழி மூன்று. பிரெயில் வேகம் உள்ளவர்கள் விரலால் வாசிக்கலாம், அதற்கு இணை இல்லை. மனப்பாடம் இன்னொன்று. அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் பார்வை போன பிறகு யாப்புள்ள கவிதைக்குத் திரும்பியதற்கு, தலைக்குள் வைத்துக்கொள்ள அது வசதி என்பதும் ஒரு காரணம். மூன்றாவது, காதில் கேட்டுக்கொண்டே வாயால் சொல்வது. நான் செய்வது இது. கதையிலிருந்து வாசிப்புக்கென்று தனிக் கோப்பு எடுத்து, வாக்கியங்களை மூச்சுக்கு ஏற்றபடி உடைத்து, ஒரு வரிக்கு ஐந்தாறு சொல் என்று போட்டுக்கொள்வேன். கீழ் அம்பை ஒரு தட்டு தட்டினால் ஒரு வரி காதில் விழும். அதைச் சொல்லி முடிக்கும்போது அடுத்த தட்டு. குரல் இயந்திரக் குரலாகவே இருக்க வேண்டும். இயற்கையான குரல் வைத்தால் அதன் ராகம் என் வாயில் ஒட்டிக்கொள்கிறது. ஒலிபெருக்கியின் எதிரொலி உள்ள மண்டபத்தில் காதில் விழுவது மங்கும், முன்னதாகவே போய் ஒரு பத்தி வாசித்துப் பார்த்துவிடுங்கள்.

நிறமும் அட்டையும்

"பார்க்காமல் எப்படி வருணனை எழுதுகிறீர்கள்" என்பது தவறாமல் வரும் கேள்வி. எனக்கு ஒரு காலத்தில் பார்த்த நிறங்கள் நினைவில் இருக்கின்றன, அவற்றை எழுதுகிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் நிறம் எழுதக்கூடாது என்று யாரும் விதி போடவில்லை. ஆனால் படித்த இடத்திலிருந்து எடுத்த 'செக்கர் வானம்' கதையில் பொய்யாக ஒலிக்கும். அறைக்குள் ஒருவர் வந்ததை எழுத, செருப்புச் சத்தம் எந்தத் தரையில் எப்படி மாறியது என்பதும், கதவு திறந்ததும் கன்னத்தில் பட்ட காற்றும் போதும். பார்த்தே ஆக வேண்டிய விவரம் என்றால், உதாரணத்துக்கு நெசவுத் தறியில் நூல் எப்படி ஓடுகிறது என்றால், தெரிந்தவரிடம் கேட்டு, எழுதியதை அவரிடமே படித்துக் காட்டிவிடுவேன்.

புத்தகம் வரும்போது அட்டையை ஒப்புதலுக்கு அனுப்புவார்கள். "நல்லா வந்திருக்கு" என்று அவர்களே சொல்வதை வைத்துச் சரி சொல்லிவிட வேண்டாம். பதிப்பகத்துக்குச் சம்பந்தமில்லாத இருவரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். முதல் பார்வையில் என்ன தெரிகிறது, தலைப்பு எழுத்து பின்னணியில் கரைகிறதா, உங்கள் பெயர் எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறதா, அட்டையில் இருப்பவர் எந்த வயதுக்காரராகத் தெரிகிறார், கறுப்புக் கண்ணாடியோ வெள்ளைக் கோலோ எங்காவது நுழைந்திருக்கிறதா என்று கேளுங்கள். இருவர் சொல்வதும் ஒத்துப்போனால் கையெழுத்துப் போடலாம். முரண்பட்டால் மூன்றாவது ஆளைப் பிடியுங்கள்.